மண்புழுவுக்குள் எத்தனை திரவம்?

மண்புழுவைக் கையில் எடுத்தால் விரல் வழவழவென்று ஆகிவிடும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், அதிலும் உரத் தொட்டியில் வளர்க்கிற சிவப்பு மண்புழுவாக இருந்தால், முதுகிலிருந்து மஞ்சளாக ஏதோ கசியும், கூடவே ஒரு மாதிரி வாடையும் வரும். கொத்தும்போது மண்வெட்டி தவறிப் பட்டுவிட்டால் சிவப்பாக ரத்தம் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்து 'மண்புழுத் தண்ணி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அப்புறம் அதே பெயரை வைத்துக்கொண்டு செடிக்கு ஊற்றுகிறோம், அது ரத்தக் கட்டியைக் கரைக்கும், புற்றுநோயைக் கொல்லும் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறோம். உண்மையில் அந்த வழவழப்பு ஒரு திரவம், மஞ்சள் இன்னொன்று, சிவப்பு வேறொன்று. இவை போக குடலுக்குள் ஒன்று, சிறுநீர் ஒன்று. ஒவ்வொன்றின் வேதியியலும் வேறு, வேலையும் வேறு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மண்புழு பற்றிச் சுற்றிவருகிற பாதிக் கதைகள் தானாகவே தெளிந்துவிடும். வேதியியல் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளலாம், ஒன்றும் பயமில்லை.

முதலில் தோலில் இருக்கிற சளி. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, செவுளும் கிடையாது. காற்றில் இருக்கிற ஆக்சிஜன் தோலின் ஈரத்தில் கரைந்து, அங்கிருந்து தோலுக்கு அடியிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களுக்குள் போக வேண்டும். தோல் காய்ந்தால் மூச்சு நின்றது என்று அர்த்தம். மழை விட்டதும் தார்ச் சாலையில் வெயிலில் சுருண்டு கிடக்கிற புழுக்களுக்கு நேர்வது அதுதான். இந்த ஈரத்தைப் பிடித்துவைப்பது சளியின் முதல் வேலை. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். மீதி கிளைகோபுரதங்கள், அதாவது முதுகெலும்பு மாதிரி ஒரு நீளமான புரதமும் அதன் மேல் கொத்துக்கொத்தாகத் தொங்குகிற சர்க்கரைச் சங்கிலிகளும். அந்தச் சர்க்கரைகள் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் கொஞ்சம் புரதமே நிறையத் தண்ணீரைக் கொழகொழ என்று ஆக்கிவிடுகிறது. நம் மூக்குச் சளியும் இதே தத்துவம்தான்.

இந்தச் சளியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மண்புழு தன் உடம்பிலிருந்து இழக்கிற நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி, சிறுநீராகப் போகாமல் சளியாகவே மண்ணில் போய்ச் சேர்கிறது. புரதம் என்றாலே நைட்ரஜன் இருக்கும். அது வளையின் சுவரில் பூசப்பட்டு, நுண்ணுயிர்கள் தின்று சிதைத்து, கடைசியில் வேருக்குக் கிடைக்கிறது. வயலில் மண்புழு வளை வழியாகவே வேர் இறங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சளி செய்திப் பலகையாகவும் இருக்கிறது: ஐரோப்பாவில் பரவலாக உள்ள லம்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற புழுவை மின்சாரம் வைத்துத் துன்புறுத்தினால் அது விடுகிற சளியைத் தொட்டதும் மற்ற புழுக்கள் திரும்பிப் போய்விடுகின்றன. சாதாரணச் சளிக்கு அப்படி ஓடுவதில்லை. 1960களிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

சரி, இப்போது அந்த மஞ்சள் சமாச்சாரம். எனக்கு இதுதான் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

மண்புழுவை ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள் குழாய் குடல், வெளிக் குழாய் தோலும் தசையும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் உடற்குழி, அதில் நிரம்பியிருப்பது உடற்குழி திரவம். எலும்பே இல்லாத புழு எப்படி மண்ணைத் துளைக்கிறது என்றால், இந்தத் திரவத்தின் அழுத்தத்தால்தான்: தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, அதனால் வளையத் தசை இறுகும்போது அந்தக் கண்டம் (உடம்பில் வரிவரியாகத் தெரிகிற வளையங்களில் ஒன்று) ஒல்லியாகி நீளும், நீளவாட்டுத் தசை இறுகும்போது குட்டையாகித் தடிக்கும். காற்றடைத்த சைக்கிள் ட்யூபை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கிற மாதிரி.

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் படித்தவர்களுக்கு லாம்பிட்டோ மாரிட்டி என்ற பெயர் ஞாபகம் இருக்கும், நம் ஊர் வயல் மண்ணில் சாதாரணமாகக் கிடைக்கிற மண்புழு. அதன் முதுகின் நடுவில், கண்டத்துக்கும் கண்டத்துக்கும் இடையில், ஊசிமுனை போன்ற துளைகள் இருக்கும். உடற்குழி திரவம் அந்தத் துளைகள் வழியாக வெளியே வந்து தோலை ஈரமாகவும் கிருமி அண்டாமலும் வைத்திருக்கும் என்று படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் போயிருப்போம். 'கிருமி அண்டாமல்' என்று எழுதினோமே, எப்படி என்று கேட்கவில்லை. ரசாயனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தத் திரவம் வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. உப்பு இருக்கிறது, சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு எல்லாம், ஆனால் மொத்தச் செறிவு நம் ரத்தத்தில் பாதி அளவுக்குத்தான் வரும். அதில் செல்கள் மிதக்கின்றன. ஒரு வகை, நம் வெள்ளை அணுக்கள் போல பாக்டீரியாவைப் பிடித்து விழுங்கும். இன்னொரு வகை குடலைச் சுற்றி மஞ்சளாக ஒட்டியிருக்கிற திசுவிலிருந்து கழன்று வருகிறது. அந்தத் திசுவின் பெயர் குளோராகோகன். நம் கல்லீரல் செய்கிற பல வேலைகளை அங்கே அதுதான் செய்கிறது: கிளைகோஜனையும் கொழுப்பையும் சேமிப்பது, புரதத்தைச் சிதைத்து அமோனியாவும் யூரியாவும் ஆக்குவது, ஆகாத உலோகத்தைக் கட்டிவைப்பது. அதிலிருந்து கழன்று வந்து மிதக்கிற செல்கள்தான் உடற்குழி திரவத்துக்கு மஞ்சள் நிறம் தருகின்றன.

அந்த மஞ்சள் என்ன பொருள் தெரியுமா? பெரும்பாலும் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அதற்குக் காரணமான அதே பொருள். உரத் தொட்டிகளில் வளர்க்கிற ஈசீனியா ஃபெடிடா என்ற புழுவில் இது நிறைய சேர்ந்திருக்கும். புறஊதா விளக்கில் பார்த்தால் அதன் திரவம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். இதில் ஒரு சுவாரசியம். ஈசீனியா ஃபெடிடாவுக்கு ஈசீனியா ஆண்ட்ரி என்று ஒரு இரட்டைச் சகோதரி உண்டு, பார்வைக்குப் பிரித்தறிவது சிரமம். ஆனால் ஆண்ட்ரியின் திரவத்தில் நீலமாக ஒளிர்கிற இன்னொரு பொருளும் இருக்கிறது, ஃபெடிடாவில் அது கிடையாது. போலந்தின் கிராக்கோவ் நகர ஆய்வாளர்கள் இந்த ஒளிர்வை வைத்தே இரண்டையும் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். புழுவைக் கொல்லாமல் அவர்கள் திரவம் எடுக்கிற விதத்தைக் கேளுங்கள். புழுவைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, சின்னத் தட்டில் கொஞ்சம் உப்புக் கரைசலில் விட்டு, 4.5 வோல்ட் மின்சாரம் கொடுப்பார்கள். மூன்று டார்ச் செல் அளவு, அவ்வளவுதான். புழு துள்ளும், முதுகுத் துளைகளிலிருந்து மஞ்சள் மேகம் மாதிரி திரவம் கரைசலில் பரவும். புழு பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, அதே ஈசீனியாவின் திரவத்தில் உள்ள ஆயுதம். லைசெனின் என்று பெயர், 297 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதம், 1990களில் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள். இது வேலை செய்கிற விதம் பிரமாதம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது அல்லவா, அதன் வெளிப்பக்கத்தில் ஸ்பிங்கோமயலின் என்ற ஒரு வகைக் கொழுப்பு உண்டு. சிவப்பு அணுக்களின் சவ்வில் நிறைய இருக்கும், நரம்பைச் சுற்றியுள்ள உறையிலும் இருக்கும். லைசெனின் அந்தக் கொழுப்பை அடையாளம் கண்டு அதன் மேல் போய் ஒட்டும், வேறு கொழுப்பைக் கிட்டத்தட்ட சீண்டாது. ஒட்டியவை பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒன்பது ஒன்பதாக வட்டம் கட்டும். வட்டம் முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் உடலின் ஒரு பகுதியை நீட்டிச் சவ்வுக்குள் இறக்கும். சவ்வில் ஒரு ஓட்டை. உள்ளே இருப்பது வெளியே, வெளியே இருப்பது உள்ளே, செல் வெடித்துவிடும். கண்ணாடிக் குழாயில் ஆட்டு ரத்த அணுக்களோடு கலந்தால், கலங்கலாக இருந்த சிவப்பு சற்று நேரத்தில் தெளிந்த சிவப்பு நீராகிவிடும், அணுக்கள் எல்லாம் உடைந்துவிட்டன என்று அர்த்தம். இந்த ஒன்பது இதழ் ஓட்டையின் முழு வடிவத்தையும் 2016-ல் வெளியிட்டார்கள்.

இது புழுவையே கொல்லாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலான முதுகெலும்பற்ற உயிர்களின் சவ்வில் ஸ்பிங்கோமயலின் கிடையாது அல்லது மிகக் குறைவு. அதனால் தனக்கு ஆபத்து இல்லாமல் தன்னைத் தின்ன வருகிற முதுகெலும்புள்ளதை மட்டும் குறிவைக்கிற விஷம் இது. இந்தத் திரவத்தில் தலைப்பிரட்டையையும் மீனையும் விட்டபோது செத்துப்போயின, ஆனால் சோதித்த முதுகெலும்பற்றவை பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. நாற்றமும் அதே நோக்கம்தான், ஃபெடிடா என்று பெயர் வைத்ததே அந்த நாற்றத்துக்காக.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'மண்புழு திரவம் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது' என்று அவ்வப்போது செய்தி வரும். ஆய்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் ஸ்பிங்கோமயலின் உள்ள எந்தச் செல்லிலும் ஓட்டை போடுகிற புரதம் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்லையும் கொல்லத்தானே செய்யும்? சோப்புத் தண்ணீரும் கொல்லும். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்கிறதா, உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம்தான் கேள்வி, அதற்குப் பதில் வரும்வரை அது மருந்தில்லை. இன்னொன்று, லைசெனின் குடும்பம் ஈசீனியா வகைப் புழுக்களுக்குரியது. அதில் கண்டதை எடுத்து எல்லா மண்புழுவுக்கும் பொருத்துவது சரியில்லை.

லைசெனின் குறிவைப்பது முதுகெலும்புள்ளவற்றை; கிருமியை எதிர்ப்பதற்கு உடற்குழி திரவத்தில் வேறு பொருள்கள் இருக்கின்றன. நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிற லைசோசைம் நொதி இதிலும் இருக்கிறது, பாக்டீரியாவின் சுவரை வெட்டும். பூஞ்சையின் சுவரிலுள்ள சர்க்கரையைத் தொட்டுப் பார்த்து 'ஆள் வந்தாச்சு' என்று எச்சரிக்கை அடிக்கிற புரதமும் இருக்கிறது. லம்ப்ரிகஸ் ருபெல்லஸ் என்ற புழுவில் 62 அமினோ அமிலம் கொண்ட லம்ப்ரிசின் என்ற குட்டிப் புரதத்தை 1998-ல் அறிவித்தார்கள், பாக்டீரியா, பூஞ்சை இரண்டையும் தடுக்கும். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய ஒட்டுண்ணி நுழைந்துவிட்டால் செல்கள் கூட்டமாகப் போய் அதைச் சுற்றி மூடிவிடும். அந்த உருண்டை நாளாக ஆக மெலனின் சேர்ந்து பழுப்பாகி, வால் பக்கம் போய்க் குவியும். வாலோடு சேர்த்துக் கழற்றிவிடுவதும் உண்டு. அழுக்கான இடத்தில் வாழ்கிற உயிருக்கு இவ்வளவு கட்டுக்காவல் தேவைதான்.

உடற்குழி திரவம் ஒளியும் விடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மணல் மண்ணில் டிப்ளோகார்டியா லோங்கா என்று ஒரு நீளமான புழு இருக்கிறது. அதைச் சீண்டினால் வெளிவிடுகிற திரவம் இருட்டில் நீலப்பச்சையாக மின்னும். ஒரு எளிய ஆல்டிஹைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, தாமிரம் கொண்ட ஒரு நொதி, மூன்றும் சேர்ந்தால் வெளிச்சம். மின்மினியின் ரசாயனம் முற்றிலும் வேறு, அதற்கு ஏடிபி என்கிற, செல்லின் எரிபொருள் போன்ற பொருள் வேண்டும். எதற்காக மின்னுகிறது என்பதைவிட எப்படி மின்னுகிறது என்பதுதான் அங்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது சிவப்பு. மண்புழு ரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் நம்முடையதைப் போலவே இரும்பு உள்ள ஹீம்தான். ஆனால் நமக்கு ஹீமோகுளோபின் சிவப்பு அணு என்கிற பைக்குள் இருக்கிறது. மண்புழுவுக்கு அந்தப் பை கிடையாது, ஹீமோகுளோபின் நேராகத் திரவத்தில் கரைந்து ஓடுகிறது. நமக்கு அப்படி ஆனால் என்ன ஆகும்? அணுவிலிருந்து வெளியே வந்த நம் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலி கொண்டது, இரண்டு இரண்டாகப் பிரிந்துவிடும், சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு அங்கே கேடு செய்யும். பாம்புக் கடியிலோ ரத்தம் மாறி ஏற்றிவிட்டாலோ சிறுநீர் கறுத்துப் போவதற்கு இப்படி அணு உடைவது ஒரு காரணம். மண்புழு இதைத் தவிர்த்த வழி, மூலக்கூறையே ராட்சதனாக ஆக்கிவிடுவது. எரித்ரோகுருவோரின் என்று அதற்குப் பெயர். நம் ஹீமோகுளோபினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 64,500. மண்புழுவுடையது ஏறக்குறைய 36 லட்சம். ஹீம் தாங்கிய சங்கிலிகள் 144, அவற்றை இணைத்துக் கட்டுகிற சங்கிலிகள் 36, மொத்தம் 180 சேர்ந்து அறுகோண வடிவில் இரண்டு அடுக்காக அடுக்கப்பட்டிருக்கும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூட்டு அறை மாதிரி தெரியும், அகலம் 30 நானோமீட்டர். இவ்வளவு பெரியது குழாய்ச் சுவர் வழியாகக் கசியாது. இன்னொரு லாபம், கரைசலில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைவதால் ரத்தம் தண்ணீரை இழுத்து வீங்காது. அதே 144 ஹீமையும் நான்கு நான்காகப் பிரித்து விட்டிருந்தால் 36 மூலக்கூறுகள் மிதக்கும், இங்கே ஒன்றே ஒன்று.

இதன் எடையை முதன்முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த தியோடர் ஸ்வெட்பெரி, 1926-ல் வேதியியல் நோபல் வாங்கியவர். புரதக் கரைசலை அசுர வேகத்தில் சுழற்றி, எது எவ்வளவு வேகத்தில் அடியில் படிகிறது என்பதை வைத்து எடை கணக்கிடுகிற இயந்திரத்தை அவர்தான் உருவாக்கினார். 1930களில் அதில் போட்டுப் பார்த்த சரக்குகளில் மண்புழு ரத்தமும் ஒன்று.

கரைந்த நிலையிலேயே ஆக்சிஜன் சுமக்கிறது, சீக்கிரம் துருவேறுவதும் இல்லை, ரத்தப் பிரிவுத் தொல்லையும் இல்லை. அப்படியென்றால் மனிதர்களுக்குச் செயற்கை ரத்தமாகப் பயன்படுமா? இந்தக் கேள்வியோடு எலிகளிலும் ஹாம்ஸ்டர்களிலும் சோதித்திருக்கிறார்கள், பெரிய பாதகம் தெரியவில்லை, ஆனால் மருத்துவமனைக்கு வந்த மருந்தாகவில்லை. இதன் கடற்கரை உறவுக்காரன் ஒன்று, மணலில் வளை தோண்டி வாழ்கிற அரெனிகோலா என்ற புழு, அதன் இதே மாதிரி ராட்சத ஹீமோகுளோபினை வைத்து, மாற்று அறுவைக்குக் கொண்டுபோகிற சிறுநீரகத்தைக் கெடாமல் வைக்கும் வேலையை பிரான்ஸில் செய்துவருகிறார்கள்.

அடுத்தது குடல். கொடிமுந்திரி இலை, வேப்பிலை, தேக்குச் சருகு எதுவானாலும் இலைக்குள் பாலிஃபீனால் இருக்கும். டீயைக் கொஞ்சம் அதிகம் கொதிக்கவிட்டால் நாக்கு வரண்டு துவர்க்கிறதே, அந்த டானின் இந்த வகைதான். அது எச்சில் புரதத்தைக் கட்டிப்போடுவதால் வருகிற உணர்ச்சி அது. அதே டானின் பூச்சியின் குடலுக்குள் போனால் செரிமான நொதிகளைக் கட்டிப்போட்டுவிடும், செடி அதை வைத்திருப்பதே தின்ன வருகிறவனை விரட்டத்தான். அப்படியானால் சருகே சாப்பாடான மண்புழு எப்படி வண்டி ஓட்டுகிறது? 2015-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து விடை சொன்னார்கள். குடல் திரவத்தில் ட்ரைலோடிஃபென்சின் என்று ஒரு பொருள் குடும்பம். ஒரு முனையில் சல்ஃபோனேட், அது தண்ணீரை விரும்பும். மறு முனையில் எண்ணெயை விரும்புகிற கார்பன் வால்கள். சலவைத் தூளின் முக்கியச் சரக்கும் இதே வகை அமைப்புதான். இந்த வழுக்கும் பொருள் டானினுக்கும் நொதிக்கும் இடையில் புகுந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. சருகில் டானின் கூடினால் புழு இதையும் கூடுதலாகச் செய்கிறது. உலகில் உள்ள மண்புழுக்களிடம் இருக்கிற மொத்த ட்ரைலோடிஃபென்சினைக் கணக்குப் போட்டால் மனிதருக்குத் தலைக்கு ஒரு கிலோவாவது வரும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இந்தப் பொருள் உடற்குழி திரவத்திலோ சளியிலோ இருப்பதில்லை, குடலில்தான்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் சமாச்சாரமும் குடல் சேர்ந்ததே. சீன மருத்துவத்தில் உலர்த்திய மண்புழுவுக்கு ரொம்ப நாள் பழக்கம் உண்டு. 1980களில் ஜப்பானின் மியாசாக்கியில் ஹிசாஷி மிஹாராவும் குழுவினரும் லம்ப்ரிகஸ் ருபெல்லஸிலிருந்து ஃபைப்ரினைக் கரைக்கிற நொதிகளைப் பிரித்தார்கள், லம்ப்ரோகைனேஸ் என்று இன்று கேப்ஸ்யூலாக விற்பது அந்த வழியில் வந்தது. ரத்தம் உறையும்போது வலை பின்னுகிற நாரின் பெயர் ஃபைப்ரின். புழுவுக்கு இந்த நொதி எதற்கு? சாப்பிட்ட புரதத்தைச் செரிக்கத்தான். நம் சிறுகுடலின் டிரிப்சின் எந்த இனமோ அதே இனம். நம் ரத்த உறைவு வலையை அறுக்கிறது என்பது அதற்குத் தெரியாத பக்க வேலை. ஆனால் அந்த வேலையை உண்மையாகவே செய்கிறது என்பதால்தான் எச்சரிக்கை: ஏற்கெனவே ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆன்லைனில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, ரத்தக் கசிவு வந்தால் எளிதில் நிற்காது. உரத் தொட்டியின் அடியில் வடிகிற நீரைக் குடித்தால் இது கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது, மாட்டுச் சாணக் கிருமி நிச்சயம் கிடைக்கும்.

குடலை விடுவதற்கு முன்னால் ஒன்று. உணவுக் குழாயின் ஓரத்தில் சுண்ணாம்புச் சுரப்பிகள் உண்டு, கால்சியம் கார்பனேட்டைப் பாலாகவும் சின்னச் சின்னக் கல்லாகவும் சுரக்கும். சார்லஸ் டார்வின் 1881-ல் மண்புழுக்களைப் பற்றி மட்டுமே எழுதிய புத்தகத்தில் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார். வளைக்குள் கார்பன் டை ஆக்சைடு அதிகம், அதில் கொஞ்சத்தைக் கால்சியத்தோடு கட்டி வெளியேற்றிவிடலாம், உடம்பிலும் அமிலம் ஏறாது.

கடைசியாகச் சிறுநீர். இது சுருக்கமாகப் போதும். ஈர மண்ணில் வாழும் புழு கிட்டத்தட்ட நன்னீரில் இருப்பது போலத்தான், வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். நெஃப்ரீடியா என்ற சுருள் குழாய்கள், லம்ப்ரிகஸில் ஏறக்குறைய எல்லாக் கண்டத்திலும் ஒரு ஜோடி, உடற்குழி திரவத்தைப் புனல் போன்ற வாயில் வாங்கி, போகிற வழியில் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, நீர்த்த சிறுநீரை வெளியே விடும். நன்றாகச் சாப்பிட்டிருக்கும்போது அதில் அமோனியா அதிகம், பட்டினியில் யூரியாவின் பங்கு கூடும். புழுவின் மேல் உப்பைத் தூவினால் நடப்பது இதற்கு நேர் எதிர், தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுச் சுருண்டுவிடும். பிள்ளைகள் அதை விளையாட்டாகச் செய்வார்கள், செய்ய விடாதீர்கள். ஆனால் தண்ணீர் இழப்பை மண்புழு தாங்குகிற அளவு அசாத்தியம், மெதுவாகக் காயவிட்டால் உடம்பின் தண்ணீரில் 70 சதவீதம் வரை இழந்தும் ஈரம் பட்டதும் மீண்டுவருகிற இனங்கள் உண்டு.

இத்தனையும் தெரிந்த பிறகு மண்புழு குளியல் நீரைப் பாருங்கள், வெர்மிவாஷ் என்று விற்கிறார்களே, அதை. சென்னை நியூ கல்லூரியில் இருந்த மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பரப்பிய முறையில், ஒரு டிரம்மின் அடியில் உடைத்த செங்கல் அல்லது கூழாங்கல், மேலே மணல், அதற்கு மேல் மண், சாணம், வைக்கோல், நடுவில் நம் ஊர்ப் புழுக்கள். மேலே தொங்கவிட்ட பானையிலிருந்து இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், காலையில் அடிக் குழாயைத் திறந்தால் தேன் நிறத்தில் நீர். இதில் வருவது புழுவின் சளி, சிறுநீர், எச்சத்தில் கரைந்த சத்துகள், அப்புறம் நுண்ணுயிர்களும் அவை செய்த வளர்ச்சி ஊக்கிகளும். எது எவ்வளவு என்பது நீங்கள் போட்ட சாணத்தையும் மண்ணையும் பொறுத்தது, அதனால் ஒரு வீட்டு வெர்மிவாஷும் அடுத்த வீட்டு வெர்மிவாஷும் ஒன்றாகவே இருக்காது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளிப்பது வழக்கம், அப்படியே ஊற்றினால் இளம் செடிக்கு உப்புக் கூடிவிடும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. புழுக்களை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுக் கலக்கி, பிறகு சாதாரணத் தண்ணீரில் அலசி, இரண்டு நீரையும் சேர்த்துக்கொள்வது. பெயர் அதே வெர்மிவாஷ், சரக்கு வேறு. சூட்டில் பயந்த புழு முதுகுத் துளைகளைத் திறந்துவிடும், ஆகவே இது பெரும்பாலும் சளியும் உடற்குழி திரவமும். புரதம் அதிகம், எச்சத்தின் சத்துகள் குறைவு, சீக்கிரம் கெட்டு நாறும். இரண்டையும் ஒன்றாக நினைத்து 'எனக்கு வேலை செய்தது, உனக்கு ஏன் செய்யவில்லை' என்று விவசாயிகள் பேசிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், எந்த முறையில் எடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

எதைத் தீனியாகப் போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மண்புழு காட்மியத்தைக் கந்தகம் நிறைந்த மெட்டலோதையோனின் என்ற புரதத்தில் கட்டிவைக்கும், ஈயத்தை அந்த மஞ்சள் திசுவின் துகள்களில் பாஸ்பேட்டோடு சேர்த்துப் பூட்டும். இதனால்தான் வேல்ஸ் நாட்டில் பழைய ஈயச் சுரங்கக் கழிவு மண்ணிலும் லம்ப்ரிகஸ் ருபெல்லஸ் உயிரோடு இருக்கிறது. புழு உயிரோடு நெளிகிறது என்பதற்காக ஆலைக் கழிவு, சாக்கடைச் சகதி போட்ட தொட்டி சுத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீர் முறையில் எடுப்பவர்கள் புழுவுக்கு இடைவெளி கொடுங்கள். ஈசீனியாவில் ஒரு தடவை திரவத்தைப் பீய்ச்சவைத்தால் அந்தச் செல்களும் ரிபோஃப்ளேவினும் பழைய அளவுக்கு நிரம்பச் சில வாரங்கள் ஆகின்றன. வாராவாரம் அதே புழுவை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் இரண்டாவது தடவையே மஞ்சள் வெளுத்துவிடும், வருவதில் பெரும்பகுதி சளிதான்.